வைடு கொடுக்காத அண்ணன்

இங்கிலாந்தில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் லிண்டா. அறுபதைத் தாண்டிய பெண்மணி. மழையென்றாலும் வெயிலென்றாலும் ஒரே குரலில்தான் பேசுவார். போன வருடம் ஒரு காலை, சிறிய தெரு ஒன்றில் இடப்பக்கம் திரும்பும்போது வண்டியைக் கொஞ்சம் தள்ளி எடுத்துவிட்டேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "டூ வைடு, அன்வர்" என்றார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, சொன்னது அவ்வளவுதான். ஆனால் என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை நெரித்தன. பல்லைக் கடித்தேன். வண்டியை நிறுத்தி இறங்கி, கண்ணில் படும் முதல் ஆளை ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போலிருந்தது. லிண்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக நிறுத்தச் சொன்னார். தான் சொன்ன விதம் மனதைப் புண்படுத்திவிட்டதோ என்று கேட்டு, பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து நீட்டினார்.

அந்தச் சொல்லைக் கேட்டு இப்படி ரத்தம் கொதிக்கிறவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இவர்கள் அதைக் காலையிலிருந்து இரவு வரை சாதாரணமாகப் புழங்குகிறார்கள். செருப்பிலேயே விரிந்து வளர்ந்த என் மதுரைக் காலுக்கு எந்த ஷூவும் சேராமல் கடைக்காரப் பெண் தவித்து, கடைசியில் 'வைடு ஃபிட்' என்று ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். பல் டாக்டர் வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லும்போது அதே சொல்லைத்தான் சொல்கிறார். தூக்கம் வராமல் கொட்டக் கொட்ட விழித்திருந்தால் 'வைடு அவேக்'. நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்கில் திருட்டு போன்களைக் கைமாற்றிவிடும் ஒருவனை மேலாளர் 'வைடு பாய்' என்றார். ஆள் ஒடிசலாக இருக்கிறானே, இவனை ஏன் அகலம் என்கிறார்கள் என்று யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, எத்தனுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. தோள் அகலமாக இருந்தால் பிராட், ரோடு அகலமாக இருந்தால் வைடு. நமக்கு இரண்டும் அகலம்தான். மனசு விசாலமானவன் என்று நாம் சொல்கிற இடத்தில் இவர்கள் பிராட் மைண்டட் என்கிறார்கள், வைடை மனசுக்குப் பக்கத்தில் விடுவதில்லை. அது ஏன் என்று லிண்டாவிடம் கேட்டதற்கு, அறுபது வருடமாக இந்த மொழியைப் பேசுகிறேன், இதை யோசித்ததே இல்லை என்றார்.

மதுரையில் எனக்கு அந்தச் சொல் ஒரே அர்த்தத்தில்தான் அறிமுகமானது. அங்கே அதை யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். பந்து மட்டைக்கு எட்டாமல் விலகிப் போனதும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் கையை விரித்துக்கொண்டு ஒரே குரலில் "வைடு" என்பார்கள். இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியாதவனுக்கும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக அடுத்தவன் சட்டையைப் பிடிக்கத் தெரியும்.

லிண்டாவுக்கு இதை விளக்கப் பார்த்தேன். எங்கள் ஊரில் டேங்க்குக்குள் கிரிக்கெட் ஆடுவோம், அங்கே வைடு என்றால் அடிதடி என்றேன். அவர் கண்ணைச் சுருக்கி, "நீ ராணுவத்தில் இருந்தாயா?" என்று கேட்டார். கண்மாய்க்கு நாம் சொல்லிப் பழகிய இங்கிலீஷ் இங்கே பீரங்கி வண்டி ஆகிவிட்டது. இல்லை, தண்ணீர் வற்றிய பெரிய குளம் என்று திருத்தினேன். குளத்தில் கிரிக்கெட்டா என்று அவருக்கு மேலும் குழப்பம். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. மிட்டாயைச் சப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

நடந்ததை உங்களுக்குச் சொன்னால் புரியும். என் அண்ணன் ஜாகிர் எனக்கு ஆறு வயது மூத்தவர். மதுரைப் பழைய நகரத்தில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு இரும்புச் சாமான் கடை உண்டு. தாழ்ப்பாள், கீல், ஆணி, சங்கிலி எல்லாம் விற்போம். அண்ணன் பசுமலையில் படித்தபோது அவருக்குக் கூட்டாளி ஆனவர் முத்துவேல். சமயநல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி முத்துவேலுக்குத் தனித் தூக்குச்சட்டியில் போகும். பொங்கல் கரும்பு எங்கள் வீட்டுக்குக் கட்டாக வரும். நான் அவரை முத்தண்ணே என்று கூப்பிடுவேன். முத்துவேல்தான் அவர்கள் ஊர் டீமுக்குக் கேப்டன். அண்ணனும் அதே டீமில்தான் ஆடுவார், நான் எல்லா மேட்சுக்கும் கூடவே போவேன்.

எங்கள் பக்கத்து டோர்னமென்ட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. அம்பயர் வெளியாள் கிடையாது, பேட்டிங் பிடிக்கிற டீமிலிருந்து இரண்டு பேர் போய் நிற்க வேண்டும். நம் டீம் ஆடும்போது நம் ஆள் அம்பயர், அவர்கள் ஆடும்போது அவர்கள் ஆள். நிற்கிறவன் தன் டீமுக்கு நாலு வைடு தாராளமாகக் கொடுப்பான், எதிர் டீம் கெட்ட வார்த்தையில் திட்டும், அவன் காதில் விழாத மாதிரி நிற்பான். அடுத்த பாதியில் அதுவே திரும்பி நடக்கும். யாரும் இதைப் பித்தலாட்டம் என்று நினைப்பதில்லை. அங்கே நியாயம் என்பதே அதுதான். நம் ஆள் நமக்கு வைடு கொடுக்காமல் போனால்தான் துரோகம்.

அந்த வருடம் கோடையில் சமயநல்லூரை அடுத்த ஒரு கண்மாயில் ஃபைனல். எதிரே நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து டீம். பரிசுக்கு ஒரு கோப்பை, கூடவே ஒரு கிடா. கிடா கருவேல மரத்தடியில் கட்டிக் கிடந்தது. எங்கள் டீம் மட்டை பிடித்தபோது, அவுட் ஆகி வந்த அண்ணன் அம்பயராகப் போய் நின்றார். கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும், மட்டை முத்துவேல் கையில். பந்து அவர் காலுக்குப் பின்னால் விலகிப் போனது. வைடுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு மிதிபட்டு அழிந்து எப்போதோ காணாமல் போயிருந்தது. முத்துவேல் இரண்டு கையையும் விரித்தார். நாங்கள் அத்தனை பேரும் வைடு என்று கத்தினோம். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

எதிர் டீம் ஜெயித்த குஷியில் குதித்து ஆடத் தொடங்கியது, யாரோ கிடாயை அவிழ்த்தார்கள். முத்துவேல் தனக்குப் பின்னால் நட்டிருந்த ஸ்டம்பைப் பிடுங்கினார். அது சவுக்குக் கம்பில் கூராகச் சீவிய ஸ்டம்பு. "டேய், ஜாகிரு" என்று அலறிக்கொண்டு அதை வீசினார். அது சுழன்றபடி போய் அண்ணனின் வலது கண்ணில் இறங்கியது. அண்ணன் சத்தம் போடாமல் மண்டியிட்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கு வழியே ரத்தம் முழங்கை வரை ஓடியது. அதற்குள் இரண்டு டீமும் மோதிக்கொண்டன. எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாமலேயே மட்டையாலும் கல்லாலும் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மண்டை உடைந்தது, ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியது. நான் எவன் காதையோ கடித்துக்கொண்டிருந்தேன், வாயில் உப்புக் கரித்தது. முத்துவேல் மட்டும் அண்ணன் முன்னால் உட்கார்ந்து, தன் சட்டையைக் கழற்றி அந்த முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் தெரு ஆட்கள் ஒரு பக்கமும் சமயநல்லூர் ஆட்கள் ஒரு பக்கமும் கூடிவிட்டார்கள். கிரிக்கெட் என்ற பேச்சே மறைந்து, யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்ற பேச்சு மெல்ல எழுந்தது. அண்ணன் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அன்று ஊர் பற்றி எரிந்திருக்கும். போலீஸ்காரர் வந்து கேட்டபோது, தலையெல்லாம் கட்டோடு படுத்திருந்த அண்ணன், "வெயில்ல மயக்கமா வந்துச்சு சார். விழுந்தேன், ஸ்டம்பு குத்திருச்சு" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு அவர் கழுத்தையே நெரிக்கலாம் போலிருந்தது. கடைக்கு ஓடி ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு சமயநல்லூர் பஸ் ஏறப் போனேன். எங்கள் கடைப் பையன்கள் சுற்றி வளைத்து இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகும் நான் அடங்கவில்லை. சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான்.

"இவன் இங்கன இருந்தா ஒரு கொலை விழும்" என்றார் அத்தா. "ஒண்ணு உள்ள போவான், இல்ல மண்ணுக்குள்ள போவான். எங்கிட்டாச்சும் அனுப்பி விட்ருவோம்."

அப்படித்தான் நான் இங்கிலாந்து வந்தேன். படிக்க வந்தேன், நல்ல வேலைக்கு வந்தேன் என்று சந்திப்பவர்களிடம் சொல்வதுண்டு. உண்மையில் நடக்காத ஒரு கொலைக்காக நாடு கடத்தப்பட்டவன் நான். மற்றவர்கள் ஊரிலிருந்து ஊறுகாயும் கருவாடும் கொண்டு வருவார்கள். நான் முத்துவேலைக் கொண்டு வந்தேன். கிடங்கில் பெட்டியைத் தூக்கி அடுக்கும்போது அவன் தலையில் போடுவதாக நினைத்துக்கொள்வேன், வேலை வேகமாக நடக்கும். முத்தண்ணே என்று கூப்பிட்ட வாய் எப்போது அவன் இவன் என்று மாறியது என்று எனக்கே தெரியாது. இந்த நாட்டில் யாரும் யாரையும் தொட்டுச் சண்டை போடுவதில்லை. உங்கள் பின்னால் வருகிற கார்க்காரனுக்கு எரிச்சல் வந்தால் ஹாரனை லேசாகத் தட்டிவிட்டு, உடனே அதற்காகக் கையைத் தூக்கி மன்னிப்பும் கேட்பான். எனக்கு அந்த மரியாதை பயத்தைத்தான் கொடுத்தது. என்னிடம் இருந்த கோபத்தை இறக்கி வைக்க இந்த ஊரில் ஒரு இடம்கூட இல்லை. அதனால் அது வளர்ந்துகொண்டே போனது.

அண்ணனோடு போனில் பேசுவேன். ஒற்றைக் கண்ணுக்கு அகலமும் தூரமும் பிடிபடாது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றிவிடுவாராம். எங்கள் சந்தில் எதிரே ஆட்டோ வந்தால், தனக்கும் அதற்கும் நடுவே எம்புட்டு இடம் இருக்கிறது என்று தெரியாமல் பைக்கோடு சுவரில் போய் மோதியிருக்கிறார். அத்தா போன பிறகு கடையை அவர்தான் பார்க்கிறார், வீட்டைப் பசுமலைக்கு மாற்றிக்கொண்டார். சரக்கெடுக்கப் போவதற்கு டிரைவர் ஒருத்தர் வருவதாகச் சொன்னார். நல்ல ஆளா என்று கேட்டேன். தங்கமான ஆள் என்றார்.

இங்கிலாந்து வந்த பிறகு முதல்முறையாக இந்த வருடம் ஊருக்குப் போய், மதுரை ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தபோது அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்து ஒரு கை என் பெட்டியை வாங்கியது. "வா அன்வரு, சொகமா இருக்கியா?" என்ற குரல் கேட்டதும் நிமிர்ந்தேன். தலை நரைத்து, வயிறு போட்டு, காதில் பேனா சொருகிக்கொண்டு முத்துவேல் நின்றான். அண்ணனின் டிரைவர்.

நான் காரின் பின்சீட்டில் ஏறினேன். அண்ணன் முன்னால் முத்துவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கண் இல்லாததால், பக்கத்தில் ஓட்டுகிறவனைப் பார்க்க அவர் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் அப்படித் திருப்பித் திருப்பிப் பேசினார். கண்ணைப் பிடுங்கியவனைப் பார்ப்பதற்கு இம்புட்டுப் பாடா என்று எனக்கு வயிறு எரிந்தது. முத்துவேலின் பிடரி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கழுத்தில் வேர்க்குரு, அழுக்குச் சாமிக் கயிறு. லாரி வந்தால் அண்ணன் கேட்காமலேயே, "லெஃப்ட்ல நாலடி கெடக்கு மாப்ள, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினார்கள். முத்துவேல் எனக்கென்று ஒரு டீயை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். நான் அதைத் தட்டிவிட்டேன். கொதிக்கிற டீ அவன் மார்பில் கொட்டியது. அவன் "ஸ்" என்பதற்குள் தொண்டையைப் பிடித்துக் கார்க் கதவில் சாய்த்தேன். தலை டங்கென்று மோதியது. மூக்கில் குத்தினேன், எலும்பு நொறுங்குகிற சத்தம் என் முழங்கை வரை கேட்டது. மறுபடி குத்தினேன். அவன் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு கையும் தொங்கிக் கிடக்க, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அது என்னை இன்னும் வெறியாக்கியது. கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். மூன்றாவது குத்துக்குக் கையை ஓங்கியபோது, என் கன்னத்தில் பளாரென்று ஒரு அடி விழுந்து காது அடைத்துப்போனது.

அடித்தது அண்ணன். டம்ளரை எடுக்கவே தடவுகிற அந்தக் கை என் கன்னத்தைத் தவறவிடவில்லை. என் வாழ்நாளில் அவர் என்னை அடித்ததே கிடையாது.

"போனது ஏங் கண்ணா, ஒங் கண்ணாடா?" என்றார். "அதுக்கு என்ன செய்யணுமோ அதை நான் செஞ்சு முடிச்சிட்டேன். நடுவுல நீ யாரு?"

"அப்ப நான் எதுக்குண்ணே ஊரை விட்டுப் போனேன்?"

"கோவத்தை விட்டுட்டு வரட்டும்னுதான் அத்தா ஒன்னைய அனுப்புனாரு. நீ அதை மட்டும் கொண்டுட்டுப் போயிருக்க."

முத்துவேல் தோளில் கிடந்த துண்டால் மூக்கை அழுத்திக்கொண்டான். துண்டு சிவப்பானது. "விடு மாப்ள" என்றான். "இவனும் எம்புட்டு நாளாத்தான் தூக்கிட்டு அலைவான். ஏறு அன்வரு, வெயிலா இருக்கு." கடைக்காரரிடம் உடைந்த டம்ளருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

வண்டி மறுபடி ரோட்டில் ஏறியது. இத்தனை வருடமாக நான் யாரிடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். அது வைடா, இல்லையா?

"வைடுதான்" என்றான் முத்துவேல், பஞ்சுக்குள்ளிருந்து.

"இல்ல" என்றார் அண்ணன்.

"கோடு கெடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்டா ஒனக்கு."

"கோடு எதுக்கு? அப்ப எனக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சுல்ல" என்ற அண்ணன் தலையை முழுதாகத் திருப்பினார். "முந்துன ஓவர்லயே ஒனக்கு ரெண்டு வைடு சும்மா குடுத்தேன். இது மூணாவது. கை வரல மாப்ள."

"அம்புட்டுக் குடுத்தவன் இன்னொண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருப்ப? கிடாயை ஓட்டிட்டுப் போய்ட்டானுங்க."

இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்கள். தினமும் இதுதான் நடக்கிறது என்பது அவர்கள் பேசிய வேகத்திலேயே தெரிந்தது. கண் போன கதையை அவர்கள் கையில் எடுத்து, உருட்டி, தேய்த்து, தங்களுக்குள் பேசித் தீராத ஒரு பேச்சாக்கி வைத்திருந்தார்கள். அதில் முத்துவேல் மன்னிப்புக் கேட்ட மாதிரியும் தெரியவில்லை, அண்ணன் மன்னித்த மாதிரியும் தெரியவில்லை. அந்தக் கண்மாயில் இன்னும் ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது.

பசுமலை வீட்டு வாசலில் இறங்கியதும் முத்துவேல் எனக்கு முன்னால் உள்ளே போய், கார்ச் சாவியைக் கதவுக்குப் பின்னால் மாட்டினான். அண்ணனின் பெண்பிள்ளை ஓடி வந்து, "மூக்குல என்ன மாமா?" என்று அவன் மேல் தொற்றிக்கொண்டது. அவன் அதைத் தூக்கிக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்து பானையில் தண்ணீர் மொண்டு அண்ணாந்து குடித்தான். நான் ஷூவைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "போன்ல வர்ற சாச்சா" என்று, சித்தப்பா வந்ததை உள்ளே சொன்னது. அண்ணி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க. எப்ப திரும்பிப் போறீங்க?" என்று ஒரே மூச்சில் கேட்டார். கேட்டுக்கொண்டே தட்டில் கண்ணாடி டம்ளர் வைத்து ரோஸ்மில்க்கை நீட்டினார். விருந்தாளிகளுக்கென்று ஷோகேஸிலிருந்து எடுத்த டம்ளர், அடியில் இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நான் அதை வாங்கி, வீங்கிய கன்னத்தின் மறுபக்கமாகச் சாய்த்து மெல்லக் குடித்தேன். அன்று என்னை அந்த வீட்டு ஆளாக நடத்தியது எது என்று கேட்டால், அண்ணன் கொடுத்த அந்த ஒரு அடிதான்.